அண்ணன் ஓட்டியபோது டீசல் ஏன் குறைந்தது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் அட்டைப் படத்தைப் பார்ப்பீர்கள். பிறகு உங்கள் பெயரை எங்கேனும் போட்டிருக்கிறோமா என்று தேடுவீர்கள். அதில் தவறொன்றும் இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் எங்கள் புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்திருந்தவர்கள் தயவுசெய்து இந்தக் கட்டுரையைக் கடைசி வரை வாசிக்க வேண்டும். அன்றைக்கு உங்கள் எல்லோர் முன்னிலையிலும் நான் ஒரு காரியம் செய்தேன். அதற்கான பதிலை உங்கள் எல்லோர் முன்னிலையிலும்தான் சொல்ல வேண்டும்.

அண்ணன் அருமனைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் பிறந்தார். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது வித்தியாசம். எங்கள் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் சொட்டுச் சொட்டாக நிறைவதைப் பார்த்து வளர்ந்ததால், எது சிந்தினாலும் அண்ணனுக்குப் பொறுக்காது. "சிரட்டையில விழாத பால் யாருக்காக்கும்?" என்பார். சோற்றுக்கும் சொல்வார், குழாய்த் தண்ணீருக்கும் சொல்வார். அப்பா இறந்தபோது பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, தோட்டத்து ஜீப்பில் ஏறினார். பிறகு ரப்பர் ஷீட் ஏற்றும் லாரி. அந்த லாரி ஓட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார், புதுக்கடையில் கட்டிக்கொடுத்தார். பிற்பாடு அவரும் அவர் மனைவியான மைனியும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தார்கள்.

அண்ணனைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. மீன்காரி தராசைத் தூக்கினால் நான் அவள் சுண்டுவிரலைப் பார்ப்பேன். இந்த மலரை அச்சடித்தவர் தாள் பற்றிச் சொன்னதைக்கூட நான் முழுதாக நம்பவில்லை. அண்ணனிடம் அந்தக் குணம் மருந்துக்கும் கிடையாது. ஒரே வயிற்றில் இப்படி இரண்டு பிள்ளைகள் பிறந்தது எப்படி என்று அம்மாவே கேட்டிருக்கிறாள்.

என் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஒரு விடுமுறையில் ஏழு பேர் அமரும் டீசல் வண்டி ஒன்றை வாங்கி, வாடகைக்கு விட்டார். புதுக்கடையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குத்தான் பெரும்பாலான ஓட்டம். முதலில் ஒரு ஓட்டுநர் இருந்தார். லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் வந்தது. அவர் நின்ற பிறகு அண்ணன் சாவியை வாங்கினார். இரண்டாம் மாதமே பதினேழு வந்தது.

நல்ல மனதுள்ளவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. அதே வண்டி, அதே சாலை, அதே பம்பு. டீசல் மட்டும் குறைவாகப் போடுகிறார் என்றால் மிச்சத்துக்கு வண்டி எதைக் குடித்து ஓடுகிறது?

அண்ணன் கலியக்காவிளை வழியாகப் போவதில்லை, கொல்லங்கோடு பக்கம் இறங்கிக் கடலோரமாகத்தான் போகிறார் என்று ஒருவர் சொன்னார். கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"கடப்புறத்துல அவருக்கு என்ன வேல? மீன் வள்ளத்துக்குக் குடுக்குற மண்ணெண்ணெ அங்க கள்ளத்துல கிட்டும்லா. நீ கொஞ்சம் நோக்கு" என்றார்.

அவ்வளவுதான். மண்ணெண்ணெய் கலக்கிறார் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அதன் பிறகு அவர் செய்ததெல்லாம் அதற்குப் பொருந்தியது. வாரம் தவறாமல் காலையில் வண்டி சூடாகும் முன் டயருக்குக் காற்றுப் பார்ப்பார். 'இவ்வளவு அக்கறை எதற்கு?' என்று நினைப்பேன். மேலே இருந்த கேரியரைக் கழற்றி வைத்தார், பெட்டிகள் அதிகமிருந்தால் மட்டும் மாட்டுவார். 'கழற்றி எதை மறைக்கிறார்?' என்று தோன்றும். மேட்டில் மாட்டுவண்டிபோல ஏறுவார். "டிரைவரண்ணே, வண்டிக்கு ஏதாவது கேடு உண்டா?" என்று பயணிகளே கேட்டிருக்கிறார்கள். "பையத் தின்னா பனையையும் தின்னலாம், மக்கா" என்று சிரிப்பாராம். விமானம் பிடிக்க வேண்டியவர்களை மட்டும் அரைமணி நேரம் முன்பே வாசலில் வந்து கூப்பிடுவார்.

பால்காய்ச்சு நாள் வந்தது. கணவர் ஊரில் இருந்தார். இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் பந்தலில் நிறைந்திருந்தார்கள். விருந்துக்கு வந்திருந்த மெக்கானிக்கைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுக்களைப் பின்புறத்திலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்துக்கொண்டு போய், முற்றத்தில் நின்ற வண்டியிலிருந்து கொஞ்சம் டீசல் எடுத்துத் தரச் சொன்னேன். அவர் குழாய் விட்டு இழுத்துக் குப்பியை நிறைத்து, முகர்ந்து பார்த்தார்.

"மண்ணெண்ணெ வாடை அடிக்குதே அக்கா. கொஞ்சந்தான். ஆனா அடிக்குது."

பந்தலில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "கூடப்பிறந்தவளுக்க வண்டியிலேயே கலப்படம் செய்யத் தோணிச்சே உங்களுக்கு!" என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மெக்கானிக் கையிலிருந்த குப்பியைப் பார்த்தார்.

"ஏட்டி, இந்தக் குப்பிய எங்கேருந்து எடுத்த?"

"குப்பிய விடுங்க அண்ணா. உள்ள இருக்கதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் சாவியைப் பால் காய்ச்சிய பானைக்குப் பக்கத்தில் வைத்தார். கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. கடைசிப் பந்தி வரை நின்று பரிமாறினார், பிறகு மைனியோடு நடந்தே வீட்டுக்குப் போனார். மறு வாரம் ஒரு பள்ளிக்கூட வேனில் ஓட்டுநராகச் சேர்ந்தார். கிறிஸ்துமஸுக்கு வருவார், பிள்ளைகளைக் கொஞ்சுவார், சாப்பிடுவார். அந்த வண்டியைத் தொடமாட்டார்.

அதன் பிறகு எங்கள் வண்டிக்கு மூன்று ஓட்டுநர்கள் மாறினார்கள். மூன்று பேருக்கும் பதின்மூன்றைத் தாண்டவில்லை. மூன்று பேரையும் சந்தேகப்பட்டேன். பம்பில் போய் ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டச் சொன்னேன். அளவு சரியாக இருந்தது. அண்ணன் ஓட்டியபோது பதினேழு வந்ததே என்று யாராவது சொன்னால், "அது டீசலா?" என்று வாயை அடைத்துவிடுவேன்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரத்தில் இரண்டு நாள் மார்த்தாண்டத்தில் இரத்தச் சுத்திகரிப்பு. அதிகாலையில் போக வேண்டும், எந்த ஓட்டுநரும் நிலையாகக் கிடைக்கவில்லை. எனக்கு லைசென்ஸ் இருந்தது. வண்டியை நானே எடுத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன். அவர் ஒரு நிமிடம் வண்டியைப் பார்த்துவிட்டு முன் இருக்கையில் ஏறினார்.

முதல் சில நாட்கள் சாலையைப் பார்த்தபடியே வந்தார். ஆனால் நான் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அவருடைய வலது காலும் தரையை மிதித்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏட்டி, தூரத்துலயே செவப்பு தெரியுதுல்லா? பின்ன எதுக்கு ஆக்சிலேட்டர அமுக்குக? அவன் நிக்கச் சொல்லுகான். நீ ஓடிப்போயா நிக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே வருவார். இன்ஜின் முக்கும் முன் கியரை மாற்று, சும்மா கிளட்சில் காலை வைக்காதே, நிற்க வேண்டிய இடம் தெரிந்தால் காலை எடுத்துவிட்டு வண்டியை அதன் போக்கில் வர விடு. இறக்கத்தில் நான் ஒருமுறை நியூட்ரலுக்குத் தள்ளினேன். என்றைக்கும் இல்லாத கோபத்தில், "டீசல் லாபம் பாக்க உயிர வைக்கப்பிடாது, கியர்லயே இறக்கு" என்றார். கடலோரமாகப் போனது ஏன் என்று வேறொரு நாள் மெதுவாகக் கேட்டேன். "கலியக்காவிளையில நின்னு நின்னு போணும். அங்கன்னா ரோடு ஒரே மட்டம்" என்றார்.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் பம்பில் டேங்க் நிறைந்ததும் வழக்கம்போலக் கணக்குப் போட்டேன். பதினேழு. பம்புக்காரர் கூடுதலாக ஊற்றிவிட்டார் என்று சந்தேகப்பட்டேன். அடுத்த முறையும் பதினேழு. பம்பை மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் பதினேழு. என் கால்தான் ஓட்டுகிறது, என் கண் முன்தான் டீசல் ஊற்றுகிறார்கள். இனி யாரைச் சந்தேகப்படுவது?

வீட்டுக்கு வந்ததும் அந்த வாடை நினைவுக்கு வந்தது. மெக்கானிக்கின் மூக்கு பொய் சொல்லவில்லையே. அடுக்களைப் பின்புறம் போனேன். அங்கே சன்னலுக்குக் கீழே அதே வகைக் குப்பிகள் மூன்று இருந்தன. பழைய வீட்டுச் சாமான்களோடு வந்த, ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கிய காலத்துக் குப்பிகள். பலாச்சக்கை வெட்டும் கத்தியில் ஒட்டிய அரக்கைத் துடைக்க இன்னும் ஒன்றில் கொஞ்சம் வைத்திருக்கிறேன். காலிக் குப்பி ஒன்றைத் திறந்து முகர்ந்தேன். மெக்கானிக் சொன்ன அதே வாடை. அந்தக் காலத்தில் ரேஷன் கடையில் வரிசையில் நின்று எனக்கு மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தவர் அண்ணன்தான். பந்தலில் பார்த்த மாத்திரத்தில் அவருக்குக் குப்பி தெரிந்திருக்கிறது.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அன்றே இரண்டு தெரு நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அத்தனை பேர் முன்னால் பழி சொல்லிவிட்டுத் தனியே மன்னிப்புக் கேட்டால் போதுமா என்று யோசித்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதையும் நான் இப்போது நம்பவில்லை. வெட்கம்தான் காரணம்.

கடைசிப் பயணத்துக்கு முந்தைய பயணத்தில் அண்ணன் கேட்டார்.

"இப்ப வண்டி எத்தன தருது, மக்கா?"

பதினேழு என்று சொன்னால் மற்ற எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும்.

"பதிமூணுதான் அண்ணா."

"பதிமூணா? நீ இப்ப நல்லாத்தானே ஓட்டுக" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் உள்ளே போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, முன் டயரைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். "காத்து கொறவா இருக்கும் போல. அதாக்கும். உனக்க குத்தம் இல்ல" என்றார். காற்று சரியாகத்தான் இருந்தது, முந்தின நாள்தான் நான் நிரப்பியிருந்தேன். நான் சொன்னதை அண்ணன் அப்படியே நம்பிவிட்டார். அடுத்த வாரம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மைனியிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் சொன்னார்: "போடு. அன்னைக்கு ராத்திரி அவரு ஒண்ணும் உண்ணல்ல. உன்ன வையவும் இல்ல. 'பிள்ளைக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காவ'ன்னாரு."

அண்ணனுக்கு ஊசி குத்தும்போதெல்லாம் வேறு பேச்சுக் கொடுத்து அவர் முகத்தைத் திருப்பிய செவிலியர்களுக்கும், கடைசி நாட்களில் முறைவைத்து வந்து உடனிருந்த சபை மக்களுக்கும், ஓட்டுநர் இல்லாமல் பிள்ளைகள் காத்து நின்றும் அண்ணனுக்கு மாற்று ஆள் தேடாமல் இருந்த பள்ளிக்கூடத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் அந்த மெக்கானிக்கும் ஒருவர். அவருக்கும் நன்றி. தவறு அவர் மூக்கில் இல்லை.

அண்ணா, நீங்கள் என்னிடம் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் அன்றைக்குப் பந்தலில் இருந்தவர்கள் வாசிக்க இங்கே பதில் எழுதுகிறேன். வண்டி பதினேழு தருகிறது. குப்பி என் அடுக்களையில் இருந்தது.