மூன்று சுழி

மலாக்கா பக்கம் டுரியான் துங்காலில் உஷாராணி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இந்தியாக்காரம்மா என்றால்தான் தெரியும். கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்து, லாரி ஓட்டும் தர்மேந்திரனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். கோயில் நோட்டீஸில் ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் போதும், "தமிழ்நாட்டு ஆளு, அவங்களுக்குத் தெரியாததா" என்று நேரே அவளிடம் வந்துவிடுவார்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று சொல்லி, புருஷனைக் கைகாட்டிவிட்டு நழுவிவிடுவாள்.

விஷயம் என்னவென்றால், அவளுக்குத் தமிழ் படிக்க வராது. நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் நிஜம். அவள் படித்த தனியார் பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். வாய்தவறித் தமிழில் பேசினால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். இவளோ வாயாடி. பள்ளிக்காலத்தில் பாதி வராந்தாவிலேயே போயிற்று.

தர்மேந்திரன் படித்தது செலண்டார் பக்கம் ஓர் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில். மொத்தப் பள்ளியையும் ஒரே லாரியில் ஏற்றிவிடலாம். செம்பனை மரங்களுக்கு நடுவில் கணக்கையும் அறிவியலையும் தமிழிலேயே படித்தான். பிறகு டவுனுக்கு வந்து, இடைநிலைப்பள்ளிக்கு முந்தைய புகுமுக வகுப்பில் ஒரு வருடம் மலாய் மொழியோடு மல்லுக்கட்டினான். அந்தப் பள்ளிப் பேச்சை எடுத்தால் மனுஷன் லேசில் நிறுத்த மாட்டான்.

மகள் நளினியைப் பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் பெரிய ரகளை.

"தமிழ்ப்பள்ளிதான் லா. வேற பேச்சே இல்ல," என்றான்.

"தமிழ் சோறு போடுமா? மூணாம் வருஷம் வரைக்கும் விடறேன். அப்புறம் நான் சொல்ற இங்கிலீஷ் ஸ்கூல்தான்."

அந்த மூன்றாம் வருடமும் முடிந்தது. மலாக்கா டவுனில் ஒரு பள்ளியையும் உஷாராணி பார்த்து வைத்துவிட்டாள். தர்மேந்திரன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் நளினியின் தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு வந்தான்.

நன்றியுரை வாசிக்க வேண்டியவர் வழியில் ஜாமில் மாட்டிக்கொண்டார். தலைமையாசிரியை பவானேஸ்வரி கண்ணில் உஷாராணிதான் பட்டாள்.

"நீங்க இருக்கறப்ப எனக்கென்ன கவலை? வாங்கம்மா, இத வாசிச்சிருங்க."

மறுக்க வாய் திறப்பதற்குள் மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். தாளைப் பார்த்தாள். "பெ... பெற்... பெற்றோ..." என்று எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை.

"எனக்குத் தமிழ் படிக்க வராதுங்க. நான் படிச்ச ஸ்கூல்ல தமிழ் பேசினா வெளிய நிக்க வைப்பாங்க," என்றாள். "ஆனா என் பொண்ணு நல்லாப் படிப்பா. நளினி, வாம்மா."

நளினி வந்தாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். ழகரமும் ளகரமும் தெளிவாக விழ, ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. பக்கத்தில் நின்ற உஷாராணிக்கு வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ, நெஞ்சு விம்மிப் புடைத்தது. தன்னை வராந்தாவில் நிற்க வைத்த மொழி, கடல் கடந்த ஊரில் தன் மகளை மேடையில் நிற்க வைத்திருந்தது.

திரும்பும்போது காரில் தர்மேந்திரன் மெல்லக் கேட்டான். "டவுன் ஸ்கூலுக்கு எப்ப போய்ச் சேர்க்கணும்?"

"யாரு போறா அங்க? பேசாம ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

புது வருடம் பள்ளி திறந்த அன்று, விடுமுறையில் மகளிடம் எழுத்துப் படித்திருந்த உஷாராணியே அவளுடைய தண்ணீர்ப் போத்தலில் தமிழில் பெயர் எழுதினாள். நளினி. அதற்குக் கீழே, தாயார் உஷாரானி. நளினி வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, ஒங்க பேருக்கு மூணு சுழி ணி வரும்மா."

அன்று பசாரில் மீன் வாங்கப் போன உஷாராணி மீனை மறந்துவிட்டாள். எதிரே வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து, "என் பேரையே தப்பா எழுதிட்டேன், எம்பொண்ணு திருத்துறா" என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.