மூன்று ஒட்டுப் படங்களும் ஓர் ஆட்சிக் கவிழ்ப்பும்

பக்கத்து மாநிலத்தில் ஓர் அரசாங்கம் கவிழ்ந்தபோது நான் சிவகாசியில் மைதா பசை கிண்டிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. என்னைத் தவிர யாரும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

எனக்கு ஆப்செட் பிரஸ்ஸில் டிசைனர் வேலை. வீடு விருதுநகரில், தினமும் பஸ். எங்கள் பிரஸ் இருக்கும் தெருவில் மொத்தம் ஆறு பிரஸ். ஆறிலும் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு இடத்தை விட்டு வரும்போதும் "கொள்கை ஒத்துவரலை" என்றுதான் சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால், ஓர் இடத்தில் ஏ.சி. இருந்தது, இன்னோர் இடத்தில் நாலு மணி டீயோடு வடையும் வந்தது. ஆறாவது பிரஸ்ஸின் முதலாளி அண்ணாச்சி என்னைச் சேர்த்துக்கொள்ளும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"ஏலே, இதோட தெரு முடிஞ்சுபோச்சு. இங்கன இருந்து வெளிய போனா நேரா பஸ் ஸ்டாண்டுதான். பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். அந்த ஆறாவது நாற்காலியைப் பிடித்துக்கொள்ள ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஒரு பக்கம் இருந்து இன்னொரு பக்கம் போகிறவன் கையை வீசிக்கொண்டு போகக் கூடாது, பின்னால் நாலு ஆளையாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும், அப்போதுதான் மரியாதை. நான் பழைய பிரஸ்ஸிலிருந்து ஒரு வாடிக்கையாளரைக் கூட்டி வந்தேன். பக்கத்து மாநில எம்.எல்.ஏ. ஒருவரின் பி.ஏ. அவர்.

ஆர்டர் பெரிய ஆர்டர். தீபாவளிக்குத் தொகுதி மக்களுக்கு எம்.எல்.ஏ. பட்டாசு கிப்ட் பாக்ஸ் கொடுக்கிறார். டப்பாவை நாங்கள் அடித்து, வெட்டி, ஒட்டிக் கொடுத்தால், நாரணாபுரத்தில் ஒரு கம்பெனியில் அதில் பட்டாசு அடுக்கி லோடு ஏற்றுவார்கள். மூடியின் மேல் பகுதியில் முதலமைச்சர் படம். அதற்குக் கீழே எம்.எல்.ஏ. கைகூப்பி நிற்கும் படம். முதலமைச்சர் பெரிய மீசைக்காரர். வசதிக்காக அவரை மீசை என்றே சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் தலைக்கு ஒரு சட்டம் உண்டு. தலைவர் தலை, தொண்டர் தலையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எம்புட்டுப் பெரிது என்பது தொண்டரின் விசுவாசத்தைப் பொறுத்தது. பி.ஏ. புரூஃபைப் பார்த்துவிட்டு, "தலைவரை இன்னும் ஒரு விரற்கடை பெருசாக்குங்க" என்றார். ஆக்கினேன். மறுநாள், "எங்க சாரைக் கொஞ்சம் சின்னதாக்குங்க" என்றார். அதையும் ஆக்கினேன். இவ்வளவு பணிவான மனிதரை நான் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். அச்சடித்து, பளபளவென்று லேமினேஷன் போட்டு, டப்பாக்களை மலையாகக் குவித்தோம்.

மறு வாரமே எம்.எல்.ஏ. காணாமல் போனார். ஏதோ ஒரு ரிசார்ட்டில் இன்னும் பலரோடு இருப்பதாக டி.வி.யில் காட்டினார்கள். கைகூப்பியபடி ஜன்னலில் தெரிந்தார், எங்கள் மூடியில் இருக்கிற அதே கும்பிடு. பி.ஏ. போன் செய்தார்.

"தம்பி, மேல இருக்க தலைவரை மட்டும் மாத்தணும்."

"யாரைப் போடணும் சார்?"

"எதிர்க்கட்சித் தலைவரை."

அவர் கண்ணாடிக்காரர்.

அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் டப்பா மலையைப் பார்த்தார். சீசன் உச்சத்தில் மூடியை மறுபடி அடிக்க மெஷினில் இடம் இல்லை, அட்டையும் இல்லை. "நீ கொண்டாந்த ஆர்டரு. நீயே வழியச் சொல்லு. இந்த லோடு போகலன்னா நீ போற" என்றார்.

வழி எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விலை மாறினாலும் பெயர் மாறினாலும் மேலே ஒரு துண்டுப் படம் அடித்து ஒட்டிவிடுவோம். கண்ணாடியின் தலையை மீசையின் தலை மறைகிற அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். பக்கத்தில் லேமினேஷன் மின்னும்போது இது மட்டும் மங்கலாகத் தெரியக் கூடாதே என்று அதற்கும் லேமினேஷன் போட்டேன். பின்னால் தானே ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் தாள் ஊரிலேயே தீர்ந்துபோயிருந்தது. அதனால் சாதாரணத் தாள், மைதா பசை.

எங்கள் பிரஸ்ஸில் ஒட்டு வேலைக்கு ஓர் அக்கா உண்டு. இருபது வருடமாக ஒட்டுகிறவர். பசைச் சட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, பளபளப்பு மேல மைதா நிக்காதுய்யா."

"நிக்கும்க்கா. டிசைன் பண்ணவன் நான் சொல்றேன்."

"சரிங்க. நீங்க படிச்சவுக."

ஐந்து பெண்கள் உட்கார்ந்து ஒட்டினார்கள். கண்ணாடி மின்னினார். நான் அண்ணாச்சி முன்னால் தலை நிமிர்ந்து நடந்தேன். இரண்டு நாள்.

மூன்றாம் நாள் எம்.எல்.ஏ. தாய் வீடு திரும்பினார். ரிசார்ட்டில் சாப்பாடு சரியில்லை என்று எங்கள் அக்கா சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. டி.வி.யில் அவர் மீசையின் தோளில் சாய்ந்து அழுதார். "மனசாட்சி உறுத்துச்சு" என்றார். எனக்கு உறுத்தியது வேறு. மீசையை மறுபடி மேலே கொண்டுவர வேண்டும்.

"கண்ணாடியை உரிச்சிட்டா கீழ பழைய மீசை இருக்காருல்ல?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"உரிச்சா பசைக் கறை தெரியும் அண்ணாச்சி. மேலயே ஒட்டிருவோம்."

கண்ணாடியை மறைக்க மீசை இன்னும் பெரிதாக வேண்டும் அல்லவா? ஆக்கினேன். அப்போதுதான் கவனித்தேன், மீசையின் தாடை கீழே இறங்கி எம்.எல்.ஏ.வின் தலைமுடியை மூடிவிட்டது. பி.ஏ.வுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அருமை" என்று பதில் வந்தது. தலைவருக்கு அடியில் கொஞ்சம் நசுங்கினால்தான் இன்னும் விசுவாசமாகத் தெரிகிறது போல.

நம்பிக்கை வாக்கெடுப்பு அன்று பிரஸ்ஸில் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் அண்ணாச்சியின் போனைச் சுற்றி நின்றோம். எங்கள் மாநிலத்துத் தேர்தல் முடிவைக்கூட நான் அவ்வளவு பதற்றத்தோடு பார்த்ததில்லை. பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். நம் ஆள் எழுந்தார். மீசையைப் பார்த்துக் கைகூப்பினார். எதிர்த்து ஓட்டுப் போட்டார்.

ஆட்சி கவிழ்ந்தது. அக்காதான் முதலில் நகர்ந்தார்.

"நான் போய் மாவு கரைக்கேன்."

கட்சி மாறினால் பதவி பறிபோகும் என்று சட்டம் இருக்கிறதே என்று நான் அண்ணாச்சியிடம் கேட்டேன். சபாநாயகர் முடிவு சொல்ல வேண்டுமாம், எப்போது சொல்வார் என்று யாருக்கும் தெரியாதாம். "லோடுக்குத் தேதி உண்டுலே. ஒட்டு" என்றார் அண்ணாச்சி.

மூன்றாவது படம் ஒட்டினோம். மீசையின் மேல் கண்ணாடி, இன்னும் பெரிதாக. இந்த முறை எம்.எல்.ஏ.வின் நெற்றியும் புருவமும் கண்ணும் போய்விட்டன. கண்ணுக்குக் கீழே மூக்கும், கூப்பிய கையும் மட்டும்தான் பாக்கி. அவரை அடையாளம் காண அந்தக் கை போதும் என்று அக்கா சொன்னார். பாதி டப்பாக்கள் நாரணாபுரம் போய், பட்டாசு நிரம்பி, லாரி ஏறின. நான் வடைக்குச் சொல்லி அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து பி.ஏ. போன் செய்தார். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார். இப்போது நினைத்தாலும் அதைக் காதில் வைத்தே பேசியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

"என்னய்யா ஒட்டுனீங்க? இங்க பனி. ராத்திரி வெளிய வெச்ச டப்பா எல்லாம் காலைல உரியுது. சனம் உரிச்சு உரிச்சுப் பாக்குது. கண்ணாடிக்குக் கீழ மீசை. மீசைக்குக் கீழ கண்ணாடி. அதுக்கும் கீழ மீசை! டீக்கடையில பந்தயம் கட்டி உரிக்கிறான். எங்க சாரை மந்திரியாக்குறதாச் சொன்ன தலைவரு கைக்கே ஒரு டப்பா போயிருச்சு. அவரே உரிச்சுப் பாத்திருக்காரு!"

"மந்திரி..." என்று அண்ணாச்சி இழுத்தார்.

"மந்திரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் உங்க பசையால. மீதி டப்பா வேண்டாம்!"

போன் வைக்கப்பட்டது. ஒரு மாதத்தில் மூன்று முறை கட்சி மாறியவருக்கு மந்திரி பதவி போனது எங்கள் மைதாவால் என்று முடிவாகிவிட்டது. இந்த ஒரு தீர்ப்பு மட்டும் தாமதமில்லாமல் வந்தது.

அண்ணாச்சி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அன்று மாலைக்குள் விருதுநகரில் ஒரு பருப்புக் கடைக்காரரைப் பிடித்து, மீதி டப்பாக்களை அவருக்குப் பேசி முடித்துவிட்டார். அவர் வாடிக்கையாளர்களுக்குப் பட்டாசு கொடுப்பாராம். மூடியில் இனிமேல் அடுக்கடுக்காகத் தலைகள் இருக்கக் கூடாது, மொழுமொழுவென்று இருந்தால்தான் புது லேபிள் ஒட்ட முடியும்.

"நீ உரி" என்றார் என்னிடம். "கடைசி டப்பா முடியட்டும். அப்புறம் ஒன் சேரைப் பத்திப் பேசுவோம்."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினால் கண்ணாடி அப்படியே எழுந்து வந்துவிடுகிறார். அடுத்து மீசை. அடுத்து கண்ணாடி. அப்புறம் ஈரத்துணியால் கறையைத் துடைக்க வேண்டும். அக்கா நான் ஒன்று உரிப்பதற்குள் மூன்று உரித்தார்.

"எம்புட்டு லேசா வருதாக பாருங்க" என்றார். "ஒரு சத்தம் காட்டல."

முதல் நாள் வேகமாக உரித்தேன். இரண்டாம் நாள், குவியல் இறங்க இறங்க, மீதி டப்பாக்களை எண்ண ஆரம்பித்தேன். இது முடிந்தால் பஸ் ஸ்டாண்டு. தெருவில் மற்ற ஐந்து வாசல்களையும் ஒவ்வொன்றாக மனதுக்குள் தட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட "வாங்க" என்ற சத்தம் கேட்கவில்லை. கையைத் தளர்த்தினேன். ஒரு டப்பாவை இரண்டு தடவை துடைத்தேன்.

"என்ன தம்பி, மீசைக்கு முகம் கழுவி விடுதீகளா?" என்றார் அக்கா. ஐந்து பெண்களும் சிரித்தார்கள். நானும்தான்.

"பயமா இருக்குக்கா."

"அது தெரியுது. அதுக்காக டப்பா கூடவா செய்யும்? உரிங்க."

மூன்றாம் நாள் மத்தியானம் கடைசி டப்பா முடிந்தது. அண்ணாச்சி வந்து குனிந்து ஒரு மூடியை விரலால் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன், கையில் ஈரத்துணியோடு.

"பருப்புக் கடை லேபிள் எங்கலே?"

"இன்னும் டிசைன் போடலயே அண்ணாச்சி."

"அப்ப எதை ஒட்ட? தெருவுல டிசைனர் எல்லாவனும் சீசன்ல மாட்டிக் கெடக்கான். சும்மா இருக்குறவன் நீ ஒருத்தன்தான். போய் உக்காரு."

மன்னிப்பா, வேறு வழி இல்லாததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் துணிச்சல் எனக்கு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். விரலில் இருந்த பசை மவுஸில் ஒட்டியது. சட்டென்று எழுந்து மறுபடி ஒட்டு மேசைக்கே போனேன்.

"அக்கா, இந்தத் தடவை எதுல ஒட்டலாம்?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பசையை நான் பாத்துக்கிடுதேன். நீங்க கடைப் பேரை மட்டும் பெருசாப் போடுங்க. ஆளு தலை ஒண்ணும் வேண்டாம்."