கரண்ட் போனபோது கேட்ட ஜெபம்

ரஞ்சிதம் அக்கா காலமான செய்தியை, போன வியாழக்கிழமை ராஜபாளையம் பஸ்ஸில் கண்டக்டர்தான் எங்களிடம் சொன்னார். டிக்கெட் கிழிப்பதைக்கூட நிறுத்திவிட்டு, "ஒங்க சத்தக்கார அக்கா போயிட்டாகம்மா" என்றார். மாரடைப்பாம், தூக்கத்திலேயே. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மில்லுக்குப் போகும் நாங்கள் அத்தனை பேரும் அழுதோம். அக்கா வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகியும் அந்தப் பஸ்ஸில் அவரை மறந்தவர் யாருமில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, நூற்புப் பிரிவில் அறுந்த நூலை இணைக்க எனக்குக் கற்றுத்தந்தவர் அவர்தான். அங்கே இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. உதட்டையும் கையையும் பார்த்தே புரிந்துகொள்வோம். அக்காவின் வாய் மட்டும் யாரையும் பாராமல் அசைந்துகொண்டே இருக்கும். பாட்டுப் பாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"யாருகிட்டக்கா பேசுதீக?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"ஆண்டவருகிட்டட்டி. வீட்ல பேசுனா மாமியாளுக்குக் கேக்கும். சர்ச்சுல பேசுனா பக்கத்து பெஞ்சுக்குக் கேக்கும். இங்கன கத்துனா அவரு ஒருத்தருக்குத்தான் கேக்கும்."

"இம்புட்டுச் சத்தத்துல கேக்குமாக்கா?"

"கேக்கலேன்னா அவரு என்னட்டி ஆண்டவரு?"

கெஞ்சுவதெல்லாம் அக்காவுக்கு வராது. கடன் வாங்கிய தம்பியை அதட்டுவதுபோல் ஆண்டவரை அதட்டுவார்.

இரண்டு வருஷம் கழித்து என் முதல் பிள்ளை, மூன்று மாதக் குழந்தை, காய்ச்சலில் இறந்துபோனது. அழுதால் அடுத்தது தங்காது என்று வீட்டில் என் வாயை அடைத்துவிட்டார்கள். நானும் அழவில்லை. மில்லுக்குத் திரும்பி வந்து மரக்கட்டையாக நின்றேன். சோறு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை. இப்படியே போனால் நானும் போய்விடுவேன் என்று எனக்கே தெரிந்திருந்தது. அதில் பயம்கூட இல்லை.

ஒருநாள் காலை ஷிப்டில் கரண்ட் போனது. இயந்திரங்கள் முனகி முனகி ஓய்ந்தன. எங்கள் பேச்சும் தானாக நின்றது. அக்கா மட்டும் கண்ணை மூடி ஜெபத்தில் மூழ்கியிருந்ததால் சத்தம் நின்றதைக் கவனிக்கவில்லை.

"...நீர் என்ன செவிடா ஆண்டவரே? ஆண்டாளக் கும்புடுத இந்தப் பிள்ளையப் பாரும்! பெத்ததப் பறிகுடுத்துட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாம நிக்குதே! அத அழ விடும்! பொறவு சிரிக்க வையும்! அந்த சூப்பர்வைசருக்கும் செத்த நல்ல புத்தியக் குடும், காலைல வாயத் தொறந்தா மூட மாட்டேங்காரு!"

சூப்பர்வைசர் அக்காவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

யாரோ களுக்கென்றார்கள். எனக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டு அழுகையானது. பஞ்சு அப்பிய கைகளோடு எல்லாரும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். என் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். கரண்ட் வந்த பிறகும் சூப்பர்வைசர் எங்கள் பக்கம் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர்.

அன்று சாயங்காலம் அக்கா சொன்னார்: "நான் அவருகிட்ட மட்டுந்தாம்ட்டி சொன்னேன். அவருதான் கரண்ட நிப்பாட்டி எல்லாருக்கும் கேக்க வச்சுட்டாரு."

"நான் எந்தச் சாமியக்கா கூப்பிட?" என்றேன்.

"ஒனக்குக் கூப்பிட்டுப் பழகுன பேரச் சொல்லு. ஆனா கத்திச் சொல்லு."

அன்றிலிருந்து நானும் இயந்திரத்துக்கு நடுவே என் ஆண்டாள் தாயாரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மறுவருஷம் எனக்கு மகள் பிறந்தபோது அக்கா பால்கோவா வாங்கிவந்தார். பாதியை அவரே தின்றுவிட்டு, "பத்தியக்காரிக்கு இம்புட்டு ஆகாதுட்டி" என்றார்.

வெள்ளிக்கிழமை அக்காவின் இறுதி ஊர்வலத்தில் பேண்டு செட்டு காதைப் பிளந்தது. மில் பெண்கள் நாங்கள் பின்னால் நடந்தோம். பழக்கதோஷம், அந்தச் சத்தத்தில் எல்லார் வாயும் அசைந்தது. நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "அக்கா, அங்கயும் அவர அதட்டுங்கக்கா! எங்களப் பத்தியும் சொல்லுங்க!"

கல்லறைத் தோட்டத்து வாசலில் அந்த நேரம் பார்த்துப் பேண்டு நின்றது. தெரு முழுக்க என் குரல்தான். பாதிரியார் உட்பட எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. முதலில் சிரித்தவர் அக்காவின் கணவர். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அப்புறம் நாங்கள் எல்லாரும்.

போய் வாருங்கள் அக்கா. தெருவுக்கே கேட்டது, உங்களுக்கும் அவருக்கும் கேட்காமலா இருக்கும்?