இரண்டாவது தொட்டி

முதலாளியின் அறைச் சுவரில் ஒரு கேடயம் தொங்குகிறது. நடுவில் ஒரு பச்சை இலை, கீழே சுற்றுச்சூழலைக் காத்த ஆலை என்று பொன்னெழுத்து. அதை மாட்டச் சுவரில் துளை போட்டவன் நான். ஜவ்வரிசி செய்யும் அந்த சேகோ ஆலையின் எலக்ட்ரீஷியன். ட்ரில்லைப் பிடித்திருந்தபோது வந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை தணியவில்லை.

ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே, ஆலைக்குக் கீழ்ச்சரிவில் எங்கள் இரண்டு ஏக்கர் தோட்டமும் கிணறும் இருக்கின்றன. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து மாவெடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரை ஆலை அப்படியே ஓடையில் விட்டது. அது ஊறி எங்கள் கிணற்றுக்கு வந்தது. தண்ணீர் பழுப்பானது, நுரைத்தது, புளித்த நாற்றம் அடித்தது. குளித்தால் உடம்பு அரித்தது. மாட்டுக்கு வைத்தால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எங்களுக்கும் மாட்டுக்கும் சேர்த்து என் மனைவி பக்கத்து ஊர்க் குழாயிலிருந்து மொபெட்டில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அவள் சும்மா இருக்கவும் இல்லை. எட்டு வருடம் மனு கொடுத்தாள். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று, வாங்கிய ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்தாள். முதலாளியிடமும் நேரில் போய், தண்ணீரைச் சுத்தம் செய்து விடச் சொல்லிக் கேட்டாள். "பண்ணலாம்மா, இப்ப வசதி இல்ல" என்றார். எட்டு வருடமும் அவருக்கு வசதி இல்லை. அதே எட்டு வருடத்தில் அவர் சேலத்தில், பணக்காரர்கள் வசிக்கும் ஃபேர்லேண்ட்ஸில் வீடு கட்டினார். அதற்கு வயரிங் செய்தவனும் நான்தான்.

மனுவுக்குப் பதிலாக இரண்டு மூன்று தடவை அதிகாரிகள் வந்தார்கள். "சுத்திகரிப்பு மோட்டார் ரிப்பேர்ல இருக்குதுன்னு சொல்லிரப்பா" என்றார் முதலாளி. ஆலையில் அப்படி ஒரு மோட்டாரே கிடையாது. சொன்னேன். மனைவி எழுதிய மனுவுக்குப் புருஷனே பொய்ப் பதில் சொன்னேன். சம்பளம் வாங்கிய வாய். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

பனமரத்துப்பட்டிப் பக்கம் வேறொரு ஆலைக்கு ஒருநாள் வேலையாகப் போனபோதுதான் கேஸ் பிளான்ட்டைப் பார்த்தேன். கழிவுத் தண்ணீரைப் பெரிய தொட்டியில் தேக்கி, கறுப்புத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். அதில் கிளம்பும் வாயு எஞ்சினை ஓட்டியது, எஞ்சின் மின்சாரம் கொடுத்தது. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. முதலாளியிடம் கிணற்றைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அதுவும் ஒரு மனுவாகிவிடும்.

மறுநாள் கரண்ட் பில்லை மட்டும் பேசினேன். "ஏனுங்க, பாதிக்கு மேல மிச்சமாகுங்க. வீணாப் போற தண்ணிதானுங்களே."

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தே நாளில் காண்ட்ராக்டர் வந்தார். ஏழே மாதத்தில் பிளான்ட் ஓடியது. எட்டு வருடம் இல்லாத வசதி எங்கிருந்து வந்தது? ஒரு குடும்பத்தின் தண்ணீர் அவரை அசைக்கவில்லை. பில் அசைத்தது. அது தெரிந்துதான் பில்லைப் பேசினேன் என்றாலும், அவ்வளவு சுலபமாக அசைந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

வேலை தொடங்கும் முன் காண்ட்ராக்டர் வரைபடத்தை மேஜையில் விரித்தார். அதில் இரண்டு தொட்டிகள். முதல் தொட்டி வாயுவை எடுக்கும். இரண்டாவது, மிச்சத் தண்ணீருக்குள் காற்றை ஊதிச் சுத்தமாக்கும். முதலாளி அந்த இரண்டாவதன் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

"இதுல கரண்டு வருமாப்பா?"

"இல்லீங்க."

"அப்ப இது எதுக்கு? அப்பறம் பாத்துக்கலாம்."

காண்ட்ராக்டர் பேனாவால் அதை அடித்துவிட்டார்.

திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். முதலாளி மைக்கைப் பிடித்து, "பக்கத்துத் தோட்டத்துக்காரங்க படற கஷ்டத்தப் பாத்து மனசு கேக்கலைங்க, அதுக்காகத்தான் இந்தச் செலவு" என்றார். என்னையும் மேடைக்குக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் கையை நானே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். நாற்றம் குறைந்தது, நுரையும் அடங்கியது. ஆனால் இரண்டாவது தொட்டியில் சுத்தமாகியிருக்க வேண்டிய தண்ணீர் இன்றும் ஓடையில்தான் இறங்குகிறது. முன்பாவது அதிகாரிகள் எட்டிப் பார்த்தார்கள். இப்போது பிளான்ட்டுக்காக அரசாங்கமே கொடுத்த கேடயம் இருப்பதால் அவர்களும் வருவதில்லை.

கேடயத்தை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்த அன்று, மனைவி கிணற்றுத் தண்ணீரை ஒரு வாளி மொண்டு மாட்டின் முன் வைத்தாள். மாடு மோந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் வாளியைக் கவிழ்த்துவிட்டு, இரண்டாவது தொட்டி என்ன ஆனது என்று கேட்டாள். தொட்டி இரண்டு கட்டுவார்கள் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்; ஒன்றை அடித்துவிட்டதை மட்டும் அதுவரை மறைத்திருந்தேன். கரண்ட் வருமா என்று முதலாளி கேட்டதையும் இல்லை என்று நான் சொன்னதையும் அப்போதுதான் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. குடங்களை மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டே கேட்டாள்:

"உங்க மொதலாளிக்காக இல்லாத மோட்டார ரிப்பேர்னு சொன்னீங்க. நம்ம கெணத்துக்காக, அதுலயும் கரண்டு வரும்னு ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

எனக்கு அது தோன்றவே இல்லை.