பலகை மேல் நின்று சமைத்த காலம்

பொங்கி வழிந்த பால் சிவந்து கிடக்கும் கம்பியில் பட்டதும் கிளம்புகிற கருகல் வாசனை எங்கள் வீட்டு ஜன்னல் திரையில்கூட ஏறியிருந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் அந்தக் காலத்தில் பாதி வீடுகளுக்கு அதுதான் சமையலறை வாசனை. மின்சாரம் எங்கள் ஊரிலேயே விளைந்ததால் அதைச் செலவு செய்ய யாரும் யோசித்ததில்லை; வட்டமான மண்தட்டில் பள்ளம் வெட்டிச் சுருள் கம்பி பதித்த ‘ஹீட்டர்’ ஒவ்வொரு ‘குவார்ட்டர்ஸ்’ அடுப்படி மேடையிலும் உட்கார்ந்திருக்கும். காபிக்கும் அது, குளிக்க வெந்நீருக்கும் அது, சமையல் முடிந்ததும் பித்தளைச் செம்பை அதன்மேல் காயவைத்துப் பள்ளிக்கூட யூனிபார்மைத் தேய்ப்பதற்கும் அதுவேதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். தம்பி வேலுவுக்கு அப்போது நான்கு வயது. அம்மா விட்டுப்போன சமையலறையில் அந்த ஹீட்டரோடு, உள்ளே அடுக்குப் பாத்திரங்கள் வைத்த பிரஷர் குக்கரும், முந்தின தீபாவளிக்கு வாங்கிய மிக்சியும் இருந்தன. மிக்சி வந்த அட்டைப்பெட்டியைக்கூட அம்மா தூக்கிப் போடவில்லை. அரைத்து முடித்ததும் துடைத்து மறுபடி அதற்குள்ளேயே வைப்பாள். அதில் அரைத்த நேரத்தைவிட அதைத் துடைத்த நேரம்தான் அதிகம்.

அப்பாவின் அக்கா, சங்கரன்கோவில் அத்தை, காரியம் முடிந்த அன்று வேலுவை மடியில் வைத்துக்கொண்டு பேச்சை எடுத்தாள்.

“நீ ஷிப்டு ஷிப்டுன்னு ஓடுத. பச்சப்புள்ளைக்கு யாரு சோறு பொங்குவா? இவன நான் கொண்டு போறேன். எனக்கும் ஒரு புள்ள இல்ல.”

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டே, “முழுப்பரீட்ச லீவு வரைக்கும் பாப்போம்க்கா. முடியலன்னா நீயே கொண்டு போ” என்றார். நான் சமையல் கற்றுக்கொண்டால் வேலு எங்களோடு இருப்பான், இல்லாவிட்டால் போய்விடுவான் என்பதுதான் அந்தப் பேச்சிலிருந்து எனக்கு விளங்கியது. மறுநாளே அம்மாவின் அடுப்படியில் ஏறி நின்றேன்.

ஏறி நின்றேன் என்பது பேச்சுக்காகச் சொன்னதல்ல. அனல்மின் நிலையத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்த அப்பாவுக்குச் சமையலில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் கரண்டோடு புழங்குகிறவர்களுக்கே உரிய பயம் நிறைய உண்டு. ஹீட்டர் கம்பி உப்பி மேலே எழும்பினால் பாத்திரத்தைத் தொடும், பாத்திரத்திலிருந்து கரண்டிக்கும் கரண்டியிலிருந்து கைக்கும் கரண்ட் ஏறும் என்று சொல்லி, மேடைக்கு முன்னால் ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து போட்டார்.

“பலகைய விட்டுக் கீழ எறங்காத. கரண்டிய உள்ள விடறதுக்கு முன்னால சுவிட்ச ஆஃப் பண்ணு. கிண்டிட்டு, கரண்டிய வெளிய எடுத்துட்டு, அப்புறம் ஆன் பண்ணு.”

எங்கள் பிளாக்கில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். உலகத்தில் மற்றவர்கள் கிண்டிக்கிண்டிச் சமைக்க, நாங்கள் மட்டும் நிறுத்தி நிறுத்திச் சமைத்தோம். என் முதல் உப்புமா கட்டி கட்டியாக வந்ததற்கு நான் இந்தச் சுவிட்சைத்தான் பழி சொன்னேன்.

மிக்சிக்கு மூன்று ஜார் இருந்ததால் அதனால் ஆகாத காரியமே கிடையாது என்று நினைத்துவிட்டேன். ஊறவைத்த இட்லி அரிசியைக் கழுத்துவரை போட்டு ஓடவிட்டதில் அது கொஞ்ச நேரம் முனகிவிட்டு, ஒரு கருகல் நெடியோடு நின்றுபோனது. அம்மாவின் மிக்சியைக் கொன்றுவிட்டேன் என்று நான் அழுத அழுகையில் அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அதைத் திருப்பி அடியிலிருந்த சின்னப் பொத்தானை அழுத்தி, “சூடாயிருச்சு, வேறொண்ணும் இல்ல. கொஞ்சம் ஆற விட்டா ஓடும்” என்றார். அது ஓடியது, ஆனால் அந்த மாவில் ஊற்றிய இட்லியை வேலு தின்னாமல் தரையில் உருட்டி விளையாடினான். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த குள்ளஞ்சாவடிக்கார அம்மாள் பாதி நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “இன்னாமா, உங்க வூட்ல ஏதோ தீஞ்சுகினு இருக்கு” என்று குரல் கொடுப்பார்.

மெல்ல மெல்லக் கை பழகியது. குக்கரில் கீழே பருப்பு, நடுவில் சோறு, மேலே உருளைக்கிழங்கு என்று ஒரே ஏற்றத்தில் எல்லாவற்றையும் வேகவைத்து இறக்கக் கற்றுக்கொண்டேன். சில நாள் பருப்பு பொங்கிச் சோறெல்லாம் மஞ்சளாகிவிடும். வேலு அதற்கு ‘மஞ்சச் சோறு’ என்று பேர் வைத்து அதையே கேட்க ஆரம்பித்தான். ஒரு நாள் மிளகாயை வறுத்து, தேங்காயும் புளியும் வைத்து மிக்சியில் கெட்டியாக ஒரு துவையல் அரைத்தேன். அதைத் தொட்டு நாக்கில் வைத்த வேலு, “அம்மா தொவையல்” என்றான். நான் அடுப்படிக்குப் போய்ப் பலகை மேல் நின்றுகொண்டு அழுதேன். அது துக்கமா சந்தோஷமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

சொன்னபடி மே மாதம் அத்தை வந்தாள். பண்ருட்டிப் பலாப்பழ வாசனை தெருவெல்லாம் அடித்த நாட்கள் அவை. அவள் சாப்பிட்டுப் பார்த்தாள், வேலு சாப்பிடுவதையும் பார்த்தாள். அவன் கன்னத்தைக் கிள்ளி, “சத புடிச்சிருக்கே” என்றாள். பிறகு அப்பாவிடம், “இவன் இங்கனயே இருக்கட்டும்டா. அக்காளும் தம்பியுமா இருக்கத நான் ஏன் பிரிக்கணும்” என்றாள். அன்று நான் கூடத்துக்கும் அடுப்படிக்குமாகத் துள்ளிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஹீட்டரில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. தாளிக்கக் கறிவேப்பிலை பறிக்க நான் பின்பக்கம் போயிருந்தேன். அத்தை கைகால் கழுவி ஈரக்காலோடு உள்ளே வந்தவள், கீழே கிடந்த பலகையைப் பார்த்திருக்கிறாள். அவள் ஊரில் பலகை என்றால் உட்கார்ந்து சாப்பிடுவதற்குத்தான். அதை ஆசையாக எடுத்துப்போய்க் கூடத்தில் போட்டு வேலுவை அதன்மேல் உட்காரவைத்து, இலையும் போட்டுவிட்டு, சாம்பாரைக் கிண்டிவிடலாம் என்று வந்து கரண்டியை விட்டிருக்கிறாள்.

நான் கேட்டது கரண்டி விழுந்த சத்தத்தைத்தான். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அப்பா ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். அத்தை சுவரோரம் விழுந்து கிடந்தாள். கை மரத்து, உதடு வெளுத்து, உயிர் மட்டும் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் தண்ணீர் கொடுத்து, கையைத் தேய்த்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அத்தைக்குப் பேச்சு வந்தபோது முதலில் கேட்டது, “புள்ள எங்க?” என்றுதான். பலகையில் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தவனை இழுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள்.

“எமன அடுப்புல வச்சு சோறு பொங்குத வீடு. இங்க என் புள்ளைய விட மாட்டேன்.”

‘என் புள்ள’ என்றாள். கரண்ட் என்றால் என்னவென்று எங்களைவிட அதிகம் தெரிந்த அப்பா குனிந்து, விழுந்து கிடந்த கரண்டியை எடுத்தார். “சொல்லியிருக்கணும்” என்று மட்டும் முணுமுணுத்தார். “எல்லாருக்கும் தெரியும்னே இருந்துட்டோம்.”

அன்று சாயங்காலமே அத்தையும் வேலுவும் விருத்தாசலத்தில் ரயிலேறினார்கள். தயிர்சாதமும் துவையலும் டிபன் டப்பாவில் கட்டிக் கொடுத்தேன். அடுத்த மாதமே அப்பா எங்கிருந்தோ ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் கொண்டுவந்தார். ஹீட்டரைப் பழைய இரும்போடு சேர்த்துப் போட்டார். அதை முன்னாலேயே செய்திருக்கலாம் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். வேலு லீவுக்கு வருவான். அத்தையை ‘அம்மா’ என்பான். தட்டில் இன்னொரு கரண்டி வைக்கப் போனால், விருந்தாளி மாதிரி, “போதும்க்கா” என்பான்.

அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது. ஹீட்டர் கம்பியைக் கடையில் கேட்டால் சிரிப்பார்கள். கல்யாணமாகி நான் பண்ருட்டியோடு தங்கிவிட்டேன். போன மாதம் வேலு தன் மகள் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தவன், அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேஸை அணைத்தேன், சாம்பாரைக் கிண்டினேன், கரண்டியை வெளியே எடுத்தேன், மறுபடி பற்றவைத்தேன்.

“என்னக்கா, கிண்டும்போதெல்லாம் அடுப்ப அமத்துத?”

“பழக்கம்டா” என்றேன்.

“நீயும் அம்மா மாதிரியே இருக்க” என்று அத்தையை நினைத்துச் சிரித்தான். “அவளும் வெறகடுப்புகிட்டகூட ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுதான் நிப்பா. ஊரே சிரிக்கும். ஏன்னு கேட்டா கடைசி வரைக்கும் சொல்லல.”

நானும் சொல்லவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு, ஓரத்தில் அதே தேங்காய்த் துவையலை வைத்தேன். தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “நல்லாருக்குக்கா, இது என்ன தொவையல்?” என்று கேட்டான்.