சின்ன சோப்பும் நீல ஸ்டிக்கரும்

என் தங்கையை வீட்டில் நாங்கள் சி.ஐ.டி. என்றுதான் கூப்பிடுவோம். ஒரு சோப்பு விநியோகஸ்தரிடம் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஸ்கூட்டரில் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்க வேண்டும். வாரத்துக்குத் தொண்ணூற்றிரண்டு கடைகள். எந்தக் கடையில் எந்த அலமாரியில் எத்தனை சோப்பு மிச்சம் என்று கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். நான் எட்டாவதோடு நின்று பஸ் டிப்போவில் மெக்கானிக் ஆனவன். அவள் பன்னிரண்டு வரை படித்தாள். அந்தப் பெருமை எனக்கு இன்றுவரை உண்டு. ஆனால் நேரில் சொன்னதில்லை. சொன்னால், "இப்ப எதுக்குப் புகழ்றே? என்ன வேணும் உனக்கு?" என்று கேட்பாள்.

போன வருஷம் எங்கள் டிப்போ ஊழியர் சேமிப்புச் சங்கத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. நூற்று எழுபது பேர் ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்து வைத்த பணம் வங்கியில் கிடந்தது. அதில் பாதியை எடுத்து ஒரு கம்பெனியில் போடலாம் என்றார் செயலாளர். வாங்கும் சாமானுக்குக் காசுக்குப் பதில் கிரிப்டோ நாணயத்தில் கட்ட உதவுகிற சின்ன மெஷினை அந்தக் கம்பெனி கடைகளுக்கு இலவசமாகத் தருகிறது. மெஷின் வைத்த கடையின் கண்ணாடியில் நீல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

"காயின் விலை ஏறும், இறங்கும். அதை நாம தொடவே போறதில்ல," என்றார் செயலாளர். "காயினை எல்லாரும் பயன்படுத்த வழி பண்ற கம்பெனியிலதான் பங்கு வாங்குறோம். இதுல என்ன பயம்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒர்க்‌ஷாப்பில் இருபது பேரிடம் ஆதரவுக் கையெழுத்து வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதில் இரண்டு பேருக்கு ஓய்வு பெற நாலு மாதம்கூட இல்லை.

கம்பெனி கொடுத்த தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எந்தக் கடையில் மாதத்துக்கு எத்தனை முறை நாணயத்தில் வியாபாரம் நடந்தது என்று அதில் பட்டியல் இருந்தது. எண்கள் மாதாமாதம் ஏறிக்கொண்டே போயின. தங்கை சாப்பிட்டுக்கொண்டே படித்தாள். பாதியில் கை நின்றது.

"அண்ணே, இதுல பதினோரு கடை நான் ஆர்டர் எடுக்கிற லைன்ல இருக்கு."

"இருந்தா நல்லதுதானே?"

"இதே பதினோரு கடையிலதான் மூணு மாசமா சின்ன சோப்பு ஆர்டர் ரெட்டிப்பாச்சு. பக்கத்துக் கடையில ஒண்ணுகூட ஏறல. பெரிய சோப்பும் ஏறல. எனக்கு ரெண்டு தடவை இன்சென்டிவ் வந்தப்பவே நினைச்சேன், நான் அவ்வளவு கெட்டிக்காரி இல்லையேன்னு."

எழுந்துபோய்க் கை கழுவி, ஆர்டர் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் சொன்னது சரியாக இருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. "ஜனங்க சுத்தமாயிட்டாங்க போல. அதுலயும் உனக்குச் சந்தேகமா?" என்றேன்.

மறுநாள் அவள் அந்தப் பதினொன்றில் ஒன்றான மூலைக்கடையின் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள். அவர் மறைக்கவே இல்லை.

"ஒருத்தர் வர்றாரு தங்கச்சி. சின்ன சோப்பு பத்து எடுப்பாரு. ஒவ்வொண்ணா பில் போடச் சொல்வாரு. பத்தும் காயின்லதான்."

"பத்துக்கும் தனித்தனி பில்லா? வீட்டுல யானையா வளர்க்கிறாரு?"

"யானையோ பூனையோ, எனக்கு மெஷின்ல காசு வந்துடுது. அவரைத் தவிர அந்த மெஷினை யாரு தொடறா? சார்ஜ் போடவே மறந்துடறேன்."

இன்னும் நாலு கடைகளில் கேட்டாள். நாலு பேரும் அதே ஆளைத்தான் சொன்னார்கள். ஒல்லி, கையில் ஹெல்மெட், வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

இதை வைத்து என்ன நிரூபிக்க முடியும் என்றேன். "முடியாது," என்று ஒப்புக்கொண்டாள். "யாரோ ஒருத்தருக்கு சோப்புப் பைத்தியம்னு சொல்லிடுவாங்க. ஆனா ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்கணும்."

ஓட்டெடுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிப்போ கூடத்தில். குடும்பத்தாரும் வரலாம் என்று சொல்லியிருந்ததால் அவளும் வந்தாள். டை கட்டிய கம்பெனிக்காரர் ஒருவர் திரையில் படம் போட்டு முக்கால் மணி நேரம் பேசினார். அதற்கு முன்பே வாசலில் ஆளுக்கொரு துணிப்பை கொடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு பேனா, ஒரு கையேடு, இரண்டு சின்ன சோப்பு.

என் தங்கை கையேட்டைத் தொடவில்லை. சோப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் மஞ்சள் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. அதில் மூலைக்கடையின் பெயர். அந்த மாதிரி பெயரோடு சீட்டு ஒட்டுகிற கடைகள் பதினொன்றில் மூன்றுதான். சீட்டைப் பிய்க்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

அவள் எழுந்தாள். "சார், இந்த சோப்பை எங்க வாங்குனீங்க?"

கம்பெனிக்காரர் சிரித்தார். "அது ஒரு சின்ன அன்பளிப்பு மேடம்."

"அன்பளிப்பு சரி சார். மூலைக்கடைச் சீட்டு ஒட்டியிருக்கே, அங்க வாங்குனது யாரு? நீங்க படத்துல காட்டுன, காயின்ல வாங்குற 'வாடிக்கையாளர்' எல்லாம் உங்க ஆளு ஒருத்தருதானா?"

கூடத்தில் பைகள் சரசரத்தன. டிரைவர் ஒருவர், "எனக்கும் மூலைக்கடைதான்!" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு கண்டக்டர், "எனக்கு ஸ்கூல் எதிர்க்கடை!" என்று டிக்கெட் கேட்கிற குரலில் கத்தினார். அதுவும் அந்தப் பதினொன்றில் ஒன்று. எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை.

"அது விளம்பரச் செலவு," என்றார் கம்பெனிக்காரர். "புதுப் பழக்கம் வர்றதுக்கு முதல்ல நாங்கதான் கொஞ்சம் தள்ளிவிடணும்."

"தள்ளுங்க சார். நாங்களும் நின்னுபோன பஸ்ஸைத் தள்ளியிருக்கோம். ஆனா அது தானா ஓடுச்சுன்னு எழுதி வைக்கமாட்டோம். உங்க ஆளு வாங்குனதைக் கழிச்சா மிச்சம் எத்தனை?"

அந்தக் கணக்கு கையில் இல்லை, ஒரு வாரத்தில் அனுப்புகிறோம் என்றார். இன்றுவரை வரவில்லை.

செயலாளர், வெளியாட்களின் பேச்சைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம் என்றார். அப்போது நான் எழுந்தேன். நான் வாங்கிக் கொடுத்த இருபது கையெழுத்தையும் எண்ண வேண்டாம், அவரவர் இப்போது கை தூக்கட்டும் என்றேன். சொல்லும்போது காது சுட்டது. கூட்டத்தில் நூற்று முப்பத்தொரு பேர். ஆதரவாக இருபத்தெட்டு, எதிராகத் தொண்ணூற்றாறு. ஏழு பேர் கையைத் தூக்கவே இல்லை. பணம் வங்கியிலேயே நின்றது.

கூட்டம் கலையும்போது கம்பெனிக்காரர் வாசலில் நின்று, பையில் ஏதோ தவறு நடந்துவிட்டது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார். பலரும் காதில் விழாத மாதிரி நடந்தார்கள். என் தங்கை மட்டும் நின்றாள்.

"தர்றேன் சார். வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டுடுங்க." ஆர்டர் நோட்டில் ஒரு வரி எழுதி நீட்டினாள்: 'சின்ன சோப்பு இரண்டு, மூலைக்கடை விலைச்சீட்டுடன், கம்பெனி திரும்பப் பெற்றுக்கொண்டது.'

அவர் பேனாவைத் திறந்தார். அந்த வரியை இரண்டு முறை படித்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"பரவாயில்ல மேடம், நீங்களே வெச்சுக்கோங்க."

அவள் அந்த வரிக்குக் கீழே 'வாங்க மறுத்தார்' என்று எழுதி, தேதி போட்டு, நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

"சாட்சிக் கையெழுத்து போடுண்ணே. படிச்சுப் பாத்துட்டுப் போடு."

படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன்.