காத்தாயி அக்காவின் இரண்டு கைநாட்டுகள்

காத்தாயி அக்கா யாரையும் லேசில் நம்பமாட்டார். ரேஷன் கடையில் எடைத்தட்டின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவார். பால்காரர் ஊற்றும்போது அவருடைய கட்டைவிரல் படிக்குள் போகிறதா என்று குனிந்து பார்ப்பார். என்னை நம்பவே மாட்டார். நான் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் எழுத்தர். பேனா பிடிக்கிறவர்கள் மீது அவருக்குத் தனிச் சந்தேகம்.

அதற்குக் காரணம் அவருடைய அப்பா வீரையன். எழுபதுகளில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது சென்னையில் கழக ஆட்சி, எங்கள் நெடுங்கரையில் பண்ணை ஆட்சி. உபரி நிலத்தை மறைக்கப் பண்ணையார் தன் வேலையாட்கள் பெயரிலேயே எழுதிவைத்தார். காரியஸ்தர் ஒரு தாளை நீட்டினார், வீரையன் ரேகை வைத்தார். அவர் பெயரில் ஐந்து ஏக்கர் இருக்கிறது என்பதே தாசில்தார் விசாரணைக்கு வந்த அன்றுதான் அவருக்குத் தெரியும். விவசாயச் சங்கத்துக்காரர்கள் உரிமை கேட்கச் சொல்லிக் கொடி பிடித்தார்கள். காரியஸ்தர் இன்னொரு தாளை எடுத்துக் காட்டினார். நிலத்தைத் திருப்பி விற்றுவிட்டதாக அதில் எழுதியிருந்தது, அதிலும் வீரையனின் ரேகை இருந்தது. ஐந்து ஏக்கருக்குச் சொந்தக்காரராக இருந்த காலத்தில் அந்த மனிதர் அந்த வயலில் கூலிக்குத்தான் களை பறித்தார்.

அப்போது அக்காவுக்குப் பத்து வயது. படிக்கத் தெரியாத வீட்டில் எந்தத் தாளிலும் கைவைக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். பிறகு மகன் முருகையன் சிங்கப்பூரில் சம்பாதித்து மூன்று மா, ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலம் வாங்கினான், மாடி வைத்து வீடும் கட்டினான். எல்லாம் மகன் பெயரில், மகன் கையெழுத்தில். அக்காவின் கட்டைவிரலில் மை பட்டதே இல்லை.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் நான் அந்த மாடியைக் கேட்டுப் போனேன். பல்கலைக்கழகம் புதிது, விடுதி கட்டி முடியவில்லை. அசாம், ஒடிசா, பீகார், கேரளம் என்று பிள்ளைகள் மட்டும் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு வீடு பார்ப்பதும், இது தங்கள் ஊர் என்று அவர்கள் உணரும்படி செய்வதும் என் பிரிவின் வேலை. இரண்டாவது வேலையை வருடத்துக்கு ஒரு விழாவில் முடித்துவிடுவோம். எல்லோருக்கும் வேட்டி கட்டிவிட்டுப் பொங்கல் பானையைச் சுற்றி நிற்கவைத்துப் படம் எடுப்போம். படம் நன்றாகவே வரும்.

உரக்கடை சாமிதுரையும் தன் வீட்டைத் தருவதாகச் சொன்னார். ஊருக்கு மனு எழுதிக் கொடுப்பவர் அவர்தான். அந்த வீட்டுக் குளியலறைக்குக் கதவு இல்லை, அதனால் வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்காவின் மாடிக்குத் திகந்த சைகியா என்ற அசாம் பையன் வந்தான். அவன் கிராமத்திலிருந்து எம்.ஏ. படிக்கக் கிளம்பிய முதல் ஆள். வந்த வாரத்திலேயே அக்காவுக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. ஆற்றில் எப்போது தண்ணீர் வரும், ஒரு மாவுக்கு எத்தனை மூட்டை காணும் என்று பாதித் தமிழில் கேட்கிறான், கேட்டதை நோட்டில் எழுதிக்கொள்கிறான். வரப்பில் நின்று கைப்பேசியில் வயலைப் படம் எடுக்கிறான். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"தமிழ் தெரியாதுங்கிறான். ஆனா மாடிப்படில உக்காந்து செவுத்துல எழுதியிருக்கிறத ஒவ்வொரு எழுத்தாப் படிக்கிறான். எந்த ஆபீசு ஆளு தம்பி இவன்?"

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அப்போதுதான் மீத்தேன் எரிவாயுத் திட்டப் பேச்சு டெல்டா முழுக்கப் பரவியிருந்தது. இந்தி பேசும் சிலர் ஜீப்பில் வந்து, யாரையும் கேட்காமல் பக்கத்து ஊர் வயல்களில் சிவப்புத் துணி கட்டிய கழிகளை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கழி நட்ட இடத்தில் குழாய் இறங்கும், குழாய் இறங்கினால் நிலம் போகும் என்று எல்லா டீக்கடையிலும் அதே பேச்சு. நிலம் எப்படிப் போகும் என்பதை அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐப்பசி முதல் தேதி, பொழுது சாய்கிற நேரம். மடையைப் பார்க்கப் போன அக்கா, தன் வயலின் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு மூங்கில் கழி நிற்பதைக் கண்டார். பக்கத்தில் சேற்றில் முழங்கால் வரை இறங்கி நின்றுகொண்டிருந்தான் மாடிப் பையன். அக்கா போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. அவனை இழுத்துவந்து கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் பூட்டினார்கள். யாரோ இரண்டு அறை விட்டதில் கண்ணாடி உடைந்தது. சாமிதுரை அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினார். பூட்டிய கதவின் மேலேயே கண்ணாக நின்ற அக்கா, பக்கவாட்டில் அவர் நீட்டிய தாளைத் திரும்பிப் பார்க்காமல் கட்டைவிரலைப் பதித்தார். பிறந்ததிலிருந்து அவர் வைத்த முதல் ரேகை அது.

மனு காவல் நிலையம் போய், அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தது. பையனை வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் விசாரணை. மனு நின்றால் அவனை அசாமுக்கு ரயிலேற்றிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

விசாரணையில் மூன்று பேராசிரியர்கள், ஓர் அதிகாரி, குறிப்பெழுத நான். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பையன் எதிரே கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். என்னை மனுவைப் படிக்கச் சொன்னார்கள், படித்தேன். இவன் எரிவாயுக் கம்பெனியின் கையாள், போலிச் சான்றிதழில் சேர்ந்தவன், இவனைப் போன்ற வெளிமாநில மாணவர் அனைவரையும் நெடுங்கரையை விட்டு உடனே அப்புறப்படுத்த வேண்டும். கீழே காத்தாயியின் இடதுகைப் பெருவிரல் ரேகை.

அக்காவின் முகம் மாறிவிட்டது. இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"வயல்ல கழி நட்டிருக்கான், என்னன்னு கேளுங்கன்னுதாங்க நான் சொன்னேன். ரேகை என்னுது. பேச்சு என்னுது இல்ல."

படிக்காமல் ஏன் ரேகை வைத்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். அக்கா தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

"வெளியாளையே பாத்துக்கிட்டிருந்தேன். நம்மூரு ஆளாச்சேன்னு இந்தப் பக்கம் பாக்கல. எங்கப்பா செஞ்சதையே செஞ்சுட்டேங்க."

அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு பையனைப் பேசச் சொன்னார்கள். அவன் ஊரிலும் நெல்தான். இதே நாளில், பயிர் பச்சையாக நிற்கும்போது, வயலில் மூங்கில் நட்டு உச்சியில் விளக்கு ஏற்றுவது அங்கே வழக்கம். அந்த வருடமும் ஏற்றச் சொல்லி அம்மா தொலைபேசியில் சொன்னாளாம். கழியோடு ஓர் அகல் விளக்கும் கட்டியிருந்தான், ஏற்றுவதற்குள் பிடிபட்டுவிட்டான். கழியைப் பார்த்த எங்கள் ஜனம் விளக்கைப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார் அக்கா.

"சார்கிட்ட கேட்டேன் அம்மா. சார் அம்மாகிட்ட சொல்றேன்னு சொன்னார்."

சார் என்றால் நான்தான். ஒரு வாரம் முன்பு அவன் என் மேசைக்கு வந்திருந்தான். கலைவிழா மேடைக்குத் துணி எந்த நிறம் என்ற கவலையில் இருந்த நான், சொல்லிவிடுகிறேன், போ என்று தலையைக்கூட நிமிர்த்தாமல் அனுப்பிவிட்டேன். அப்புறம் மறந்தும் போனேன். அவன் பிடிபட்டபோதுதான் நினைவு வந்தது, ஆனாலும் மூன்று நாளாக இதை யாரிடமும் சொல்லவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மனுவை வாபஸ் வாங்கினால் விஷயம் முடிந்துவிடும் என்றார்கள். அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டு, நாளைக்கு இந்த அம்மா மறுபடி கிளம்பாமல் இருக்க ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சேர்த்துத் தட்டச்சு செய்து, மைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தேன்.

அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். படித்துக் காட்டச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க வேணாம் தம்பி. அந்தப் பையன் படிக்கட்டும்."

அவனுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், அர்த்தம்கூட முழுசாகத் தெரியாது என்று ஒரு பேராசிரியர் சொன்னார்.

"அர்த்தம் தெரியாதவன் மாத்திப் படிக்க முடியாதுங்களே. இந்த ரேகை விழலன்னா நட்டம் அவனுக்குத்தான். ஆனாலும் எத மறைக்கணும்னு அவனுக்குத் தெரியாதுல்ல?"

பையன் தாளை மூக்கருகே பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். நாலு வரிக்குக் கால் மணி நேரம் ஆனது. மூன்று வரி வரை அக்கா தலையாட்டினார். நாலாவது வரி நான் சேர்த்தது. "வே...ண்டு...மென்றே... பொய்ப்... பு...கார்... கொடுத்...தேன்... எந்த... நட...வடிக்...கைக்கும்... கட்டு...ப்படு...கிறேன்." படித்து முடித்துவிட்டு, சரியாகப் படித்தேனா என்பதுபோல அவன் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். அந்த வரி அவரை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாது.

"அந்தக் கடைசி வரிய அடிங்க," என்றார் அக்கா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. அடித்தேன். அடித்த பிறகு முழுவதையும் அவனை மறுபடி படிக்கச் சொன்னார், அப்புறம்தான் விரலை மையில் தொட்டார்.

அவன் படிப்பை முடிக்கும்வரை அதே மாடியில் இருந்தான். அடுத்த ஐப்பசியில் அக்காவே மூங்கில் வெட்டி வைத்திருந்தார். ஒடிசாப் பையன் ஒருவனும் இரண்டு மலையாளப் பிள்ளைகளும்கூட வந்து வரப்பில் நின்றார்கள். விளக்கு எரிந்தது. கழி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அக்கா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஆள் மாறிவிடவில்லை.

இப்போது அவன் அசாமில் ஒரு கல்லூரியில் வாத்தியார். அந்த மாடியில் வேறு பிள்ளைகள். ஒவ்வொரு ஜூனிலும் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நான் போவேன். அக்கா அதைக் கையில் வாங்கமாட்டார். மாடியில் இருக்கிற பிள்ளைகளில் ஒருவரை அழைத்து, அதைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பச் சொல்வார். பிறகு தொலைபேசியில் அந்தக் குரல் அசாமிலிருந்து, இன்னமும் எழுத்துக்கூட்டித்தான், முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கும். அது கடைசி வரிக்கு வரும்வரை நான் வாசலில் நிற்கிறேன்.